சைக்கிள் கரியரில் மிரெல்லம்மா

மொன்தேசாலா ஊரில் மழை இல்லையென்று ஊரார் கூடிப் பேசி, தங்கள் புனிதையான மிரெல்லம்மாவைக் கோயிலுக்குள்ளிருந்து தூக்கிவந்து சந்தியில் நடுவெயிலில் நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி மலையடிவாரத்துச் சின்ன நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது, சவிரிமுத்தர் வேலைக்கு லீவு சொல்லி, பாண் ரொட்டியை இரண்டாகப் பிளந்து சம்பல் வைத்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளுக்குக் காற்றடித்து, அந்தக் காட்சியைக் கண்ணாலே பார்த்துவிட்டு வருவதற்கென்று மலையேறப் புறப்பட்டார்.

மழை தராத புனிதைக்குத் தண்டனை கொடுப்பது சிசிலித் தீவின் அந்த மலை ஊரில் பழைய வழக்கம். காய்வது எப்படியென்று அவளுக்கும் தெரிந்தால்தான் உறைக்கும் என்பது அவர்களுடைய எண்ணம். சவிரிமுத்தருக்கு இத்தாலிக்காரருடைய வழக்கங்களில் பிடித்தவை மிகக் குறைவு. இது பிடித்திருந்தது.

சவிரிமுத்தருக்குக் கோபம் என்பது வந்து போகிற சாமான் அல்ல, வைத்துப் பாதுகாக்கிற சாமான். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் தன்னுடைய வலையை இரவல் வாங்கிக் கிழித்துக் கொடுத்த கூட்டாளியோடு அவருக்கு இருந்த கோபம், அந்தக் கூட்டாளி செத்து, அவருடைய வீடும் இடிந்து, அந்தக் கடற்கரையே அடையாளம் தெரியாமல் மாறிப் போன பிறகும் நல்ல நிலையில் இருந்தது. கலியாண வீட்டில் தன்னை இரண்டாம் பந்தியில் இருத்திய மைத்துனர் மீதும், பள்ளிக்கூடத்தில் தன்னை ஐந்தாம் வகுப்போடு போகச் சொன்ன வாத்தியார் மீதும் இருந்த கோபங்கள் துருப்பிடிக்காமல் இருந்தன. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் சாமிப்படம் மாட்டுகிற உயரத்தில் அவர் வைத்திருந்த கோபம் மிரெல்லம்மாவோடுதான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவருடைய மனைவி றெஜினாவுக்கு நெஞ்சில் நோய் வந்தது. மொன்தேசாலாப் புனிதை சுகம் தருகிறவள் என்று தமிழ் ஆட்கள் சொன்னார்கள். சவிரிமுத்தர் மலைக்குப் போய், கோயிற்படிகள் அத்தனையையும் முழங்காலால் ஏறி, பீடத்தடியில் கிடந்து மன்றாடினார். றெஜினா கார்த்திகையில் போய்விட்டாள். கீழ்வீட்டு யோகரத்தினத்தின் மனைவிக்கும் அதே நோய், அதே ஆஸ்பத்திரி, அதே டொக்டர். யோகரத்தினம் ஞானஸ்நானம் பெற்றவர்கூட அல்ல. நெற்றியில் திருநீற்றோடு பஸ்ஸில் போய், ஒரு மெழுகுதிரி கொளுத்தி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். அவருடைய மனைவி எழும்பிவிட்டாள். இன்றைக்கும் காலையில் அவள் தேங்காய் துருவுகிற சத்தத்தில்தான் சவிரிமுத்தர் கண் விழிக்கிறார்.

முழங்காலில் போனவனுக்கு இல்லை, பஸ்ஸில் போனவனுக்கு உண்டு. இதற்கு ஒரு பதில் வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வானத்திடமும் பூமியிடமும் கேட்க வேறொன்றும் இருக்கவில்லை.

மொன்தேசாலாச் சந்தியில், உருகிப் போன தார் ரோட்டு ஓரத்தில், மிரெல்லம்மா நின்றாள். பதினாறு வயதுப் பெண்ணின் மரச் சிலை, நீலச் சால்வை, தலைக்குப் பின்னால் வெள்ளி வட்டம். கன்னத்துப் பூச்சு வெயிலில் வெடித்திருந்தது. சவிரிமுத்தர் எதிரே நிழல் பார்த்து இருந்து, பாணை ஆற அமர, ஆறுதலாக மென்று தின்று, தண்ணீர் குடித்து, "நல்லாய்க் காய்," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். வந்த வழியே திரும்பாமல், மலையைச் சுற்றி ஊர் ஊராகப் போகிற ரோட்டைப் பிடித்தார். மனம் நிறைந்திருந்தது. அப்படிப்பட்ட நாளில் குறுக்கு வழியில் வீட்டுக்குப் போவது அநியாயம்.

முதல் வளைவில் சைக்கிள் பின்பக்கம் பாரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். மிரெல்லம்மா கரியரில், யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகள் இருப்பதுபோல் காலை ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டு, சால்வை சில்லுக்குள் போகாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ரோட்டிலை கிடங்கு பள்ளம் பாத்து மெல்லப் போங்கோ அண்ணை," என்றாள்.

"ஆரைக் கேட்டு ஏறினனீ?"

"கேட்டால் ஏத்தியிருப்பியளோ?"

"இல்லை."

"அதுதான் கேக்கேல்லை."

அவர் கொஞ்ச தூரம் பெடலை உழக்கினார். பிறகு, "தமிழ் எங்கை பழகினனீ?" என்றார்.

"உங்கடை ஆக்களிட்டைத்தான். ஊர்ச்சனம் வந்து சிலுவை போட்டிட்டுப் போயிடும். நீங்கள்தானே ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாத்திரம் பண்டம் முதற்கொண்டு எல்லாக் கதையும் சொல்லுறனியள்."

இறக்கிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் எத்தனையோ வருஷமாகத் தேடிய ஆள் தானாக வந்து பின்னால் ஏறியிருக்கும்போது இறக்கிவிடுகிறவன் கோபக்காரனே அல்ல. கேள்வி அவரிடம் கூராக்கப்பட்டுத் தயாராக இருந்தது. அதை மேடு ஏறுகிற மூச்சிரைப்பில் கேட்டு வீணாக்க அவர் விரும்பவில்லை. ஆகவே வாதுமை மரங்களுக்கும் நாகதாளிப் புதர்களுக்கும் நடுவே, தூரத்தில் ஒரு கோடாகக் கடல் தெரிய, செம்மறிகள் ரோட்டைக் கடக்கும்போது நின்று, கடந்ததும் புறப்பட்டு, அவர் மெல்ல மெல்ல உழக்கினார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஊர் பியானோவெக்கியோ. அங்கே கொஞ்செத்தா என்ற கிழவி நடத்துகிற கோப்பிக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது, சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆண்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். இனி அவர்கள் பேசியது சிசிலி மொழி என்றாலும், இத்தனை வருஷத்தில் சவிரிமுத்தரின் காதில் எல்லா மொழியும் பாசையூர்த் தமிழாகவே விழப் பழகியிருந்தது.

"இது மொன்தேசாலாக்காரியெல்லே?" என்றார் சீட்டுக்காரர் ஒருவர். "அந்த ஊரார் போன வருஷம் உதைபந்தாட்டத்திலை கள்ளக் கோல் போட்டவங்கள்."

"அதுக்குப் பிள்ளை என்ன செய்யும்?" என்று கொஞ்செத்தா அதட்டினாள். "முகத்தைப் பார், வெயிலிலை தோலே உரிஞ்சு போச்சு. இரம்மா. சீனி போடுறனியோ, இல்லையோ?"

மிரெல்லம்மாவுக்கு எலுமிச்சம்பழ ஐஸ் வேண்டியிருந்தது. கொடுத்தார்கள். பியானோவெக்கியோவுக்குச் சொந்தமாக ஒரு புனிதர் இருந்தார், தாடிக்காரர், பொறாமை பிடித்தவர் என்று பெயர் எடுத்தவர். அவர் கண்ணில் இது படக்கூடாதென்று ஒருவர் ஓடிப்போய்க் கோயிற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். பெண்கள் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றி இருந்தார்கள். யாரும் எதுவும் மன்றாடவில்லை. வேற்றூர்ப் புனிதையிடம் கேட்பது மரியாதை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மூட்டு வலியைப் பற்றியும், கத்தரிச்செடி பூத்துக் காய்க்காமல் விடுவதைப் பற்றியும் தங்களுக்குள் கொஞ்சம் உரத்துப் பேசிக்கொண்டார்கள்.

அவள் இரண்டாவது கரண்டி ஐஸை வாயில் வைத்தபோது மழை விழுந்தது. பெரிய மழை இல்லை. கோப்பிக்கடையும் அதற்கு முன்னாலிருந்த நாலைந்து தோட்டங்களும் நனைகிற மழை. ஊரார் சத்தமில்லாமல் எழுந்து, வாளிகளையும் பேசின்களையும் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டு, திரும்ப வந்து இருந்தார்கள். அதன் பிறகுதான் கொஞ்செத்தா உள்ளே போய், மொன்தேசாலாவில் கட்டிக்கொடுத்திருந்த தன் தங்கைக்கு டெலிபோன் எடுத்து, நலம் விசாரித்து, பேச்சோடு பேச்சாக விஷயத்தைச் சொன்னாள். தங்கையோடு அவளுக்கும் ஏதோ பழைய கோபம் இருந்திருக்க வேண்டும். சவிரிமுத்தருக்கு அந்தக் குரலைக் கேட்டதுமே அவளைப் பிடித்துவிட்டது.

"உங்கடை ஊரிலை ஏன் பெய்யேல்லை?" என்று சீட்டுக்காரர் மிரெல்லம்மாவைக் கேட்டார்.

"வெயிலிலை நிப்பாட்டினால் எவளுக்கு மனம் வரும்?" என்றாள் அவள், கரண்டியை நக்கியபடி.

பியானோவெக்கியோவைத் தாண்டிய இறக்கத்தில் ஒரு பொலிஸ்காரன் மறித்தான். இளம் ஆள். ரோட்டில் அன்றைக்கு வேறு எதுவும் வராததால் மிகவும் கவனமாக வேலை செய்துகொண்டிருந்தான். சைக்கிளில் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது என்றான்.

"இது ஆள் இல்லை, சிலை," என்றார் சவிரிமுத்தர்.

"சிலையெண்டால் ஏன் காலை ஆட்டுது?"

சவிரிமுத்தர் திரும்பிப் பார்த்தார். ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். பொலிஸ்காரன் இரண்டு தடவை சைக்கிளைச் சுற்றி வந்தான்.

"தலைக்கவசம்?"

"பின்னாலை வட்டம் இருக்கெல்லே."

"தகரமோ?"

"வெள்ளி," என்றாள் மிரெல்லம்மா, கொஞ்சம் மனம் நொந்து.

பொலிஸ்காரன் விரலால் தட்டிப் பார்த்தான். நல்ல கெட்டியாக இருந்தது. கடைசியில், அவள் ஓட்டுகிறவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவதென்றால் தான் பார்க்காததுபோல் இருக்கலாம் என்றான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, உத்தியோகத்துக்கு வெளியே ஒரு சின்ன விஷயம் என்று, அப்பாவின் முந்திரிகைக் கொடித் தோட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கை நீட்டிக் காட்டினான்.

அப்படியாக மிரெல்லம்மா அவருடைய இடுப்பைப் பிடித்தாள். றெஜினா இந்த நாட்டில் ஒரு நாள்கூட அவருடைய சைக்கிளில் ஏறியதில்லை. வந்த கையோடு படுத்துவிட்டாள். இடுப்பைப் பிடித்த மிரெல்லம்மாவின் கை மரம்போல் இல்லாமல் சாதாரணக் கைபோல் இருந்ததில் சவிரிமுத்தருக்கு எரிச்சல் வந்தது. இதற்கு மேல் பொறுக்கக்கூடாது என்று, மலையைத் தாங்கிப் பிடிக்கிற நீண்ட கல்மதில் ஓரத்தில், குழாயில் தண்ணீர் சொட்டுகிற ஒரு தொட்டியடியில் சைக்கிளை நிறுத்தினார்.

"இறங்கு. உன்னட்டை ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ அண்ணை."

"பஸ்ஸிலை வந்தவனுக்குக் குடுத்தனீ. முழங்காலாலை வந்த எனக்கு ஏன் குடுக்கேல்லை?"

மிரெல்லம்மா யோசித்தாள். "நீங்கள் எப்ப வந்தனியள்?"

"என்ரை மனிசி றெஜினா படுத்த வருஷம். ஆவணி மாசம். நாள் முழுக்க உன்ரை காலடியிலை கிடந்தனான்."

"ஆவணியோ?" என்றாள். "அண்ணை, அந்த ஆவணியும் மழை இல்லை. அந்த முறை வெயிலிலை வைக்கேல்லை. என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சவை. புரட்டாதியிலை மழை பெய்யத்தான் இஞ்சாலை திருப்பினவை."

சவிரிமுத்தர் தொட்டி விளிம்பில் இருந்தார். அவருக்கு இப்போது அது தெரிந்தது, நேற்றுப் பார்த்ததுபோல. அன்றைக்கு அவர் பார்த்தது ஒரு முதுகைத்தான். பூச்சு இல்லாத மரம், பூச்சி அரித்த ஓட்டைகள், நடுவில் ஒரு இரும்புக் கொழுக்கி. நாட்டுக்கு வந்த புதிது. நின்றுகொண்டு கோப்பி குடிக்கிற சனம், மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நித்திரை கொள்கிற சனம். இவர்கள் தங்கள் புனிதையைப் பின்பக்கமாக வைத்துத்தான் கும்பிடுவார்களாக்கும் என்று அவர் நினைத்தார். பிழை செய்து வெட்கப்படக் கூடாதென்று யாரையும் கேட்கவில்லை. அந்தக் கொழுக்கியைப் பார்த்துத்தான் அழுதார்.

"சத்தமும் கேக்கேல்லையோ?" என்றார்.

"கேட்டது. ஆரோ அழுகினம் எண்டு தெரிஞ்சது. பாஷை அப்ப எனக்கு வராது. முகத்தைப் பாத்திருந்தால் விளங்கியிருக்கும்." அவள் சால்வை நுனியை முறுக்கினாள். "திரும்ப ஏலாமல் இருந்தது அண்ணை. அப்ப நான் வெறும் மரம்."

யோகரத்தினம் பஸ்ஸில் போனது புரட்டாதிக் கடைசியில்.

சவிரிமுத்தருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகச் சாமிப்படம் போல் மாட்டி வைத்திருந்த கோபம் ஆணியோடு கழன்று கையில் இருந்தது. இவள்மேல் திரும்ப மாட்ட முடியாது. கீழே போடவும் மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மொன்தேசாலா வந்து சேர்ந்தது. மூன்று சில்லு வண்டிகளிலும், டிராக்டரிலும், பள்ளிக்கூட பஸ்ஸிலுமாக, ஊரே வந்து சேர்ந்தது. முன்னால் ஊர்த்தலைவர், கழுத்துப் பட்டி கட்டி, அதன் மேல் வியர்த்து. பக்கத்தில், கோயிலைத் திறந்து பூட்டுகிற தூரி என்ற தொந்திக்காரர். சிலை சைக்கிள் ஏறிப் போனதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் மழை பியானோவெக்கியோவில் பெய்ததுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

"கத்தரிக்காய்க்காரங்களுக்கு மழையோ?" என்றார் ஊர்த்தலைவர், குரல் உடைந்து. "மிரெல்லா, நாங்கள் உனக்கு என்ன குறை வைச்சம்?"

"நிழல்," என்றாள் மிரெல்லம்மா.

"இனி வெயிலிலை வைக்கமாட்டம். குடை பிடிக்கிறம். வா."

"இந்த அண்ணை சொன்னால் வாறன்."

ஊர் முழுவதும் சவிரிமுத்தரைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அந்த மலையில் யாரும் அவரை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தூரி கண்ணைச் சுருக்கினார்.

"உங்களை எனக்குத் தெரியும். நீங்கள் முந்தி ஒருக்கா வந்து, இவளைத் திருப்பி வைச்சிருக்கேக்கை, முதுகைப் பாத்து நாள் முழுக்க அழுதனியள். நான் கோயில் வாங்கிலை குந்தியிருந்து பாண் திண்டுகொண்டு பாத்தனான்."

"பாத்தனியள். பிறகு ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை ஊர்முறை அப்பிடியாக்கும் எண்டு நினைச்சன்."

"நான் உங்கடை ஊர்முறை எண்டு நினைச்சன்," என்றார் சவிரிமுத்தர்.

கையிலிருந்த கோபத்தை எங்கே மாட்டுவதென்று அப்போது அவருக்குத் தெரிந்தது. அவர் எழுந்து நின்றார்.

"வருவாள்," என்றார். "அதுக்கு முதல் எல்லாரும் அந்த மதிலைப் பாத்துத் திரும்பி நில்லுங்கோ. ஊர்த்தலைவரும்தான். நான் சொல்லும் வரைக்கும் ஒருத்தரும் திரும்பக் கூடாது."

ஊர்த்தலைவர் எதையோ சொல்ல வாய் திறந்தார். கிழவிகள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மழைக்காக முன்னோர் இதைவிட மோசமானவற்றைச் செய்திருக்கிறார்கள். மொன்தேசாலா ஊர் முழுவதும், தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் வைத்தபடி, மதிலோரம் நீளத்துக்கு வரிசையாக நின்றது, மூக்குக்கு நேரே கல்லும், கல்லிடுக்கில் செடியும், செடிக்குள் ஓணானும் தெரிய. மேலேயிருந்து இறுக்கமான வண்ண உடுப்புகளோடு சைக்கிளில் வந்த ஜெர்மன்காரச் சுற்றுலாப் பயணிகள் சிலர் இதைக் கண்டு வேகத்தைக் குறைத்தார்கள். இது இந்த மலையின் ஏதோ பழைய வணக்கம் என்று நினைத்து, சைக்கிளைப் பக்குவமாகச் சாத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் மதிலைப் பார்த்து நின்றார்கள்.

சவிரிமுத்தர் முழங்காலில் நிற்கப் பார்த்தார். முழங்கால் இப்போது கல்லில் ஊன்றத் தாங்காது. "இருந்துகொண்டே சொல்லுங்கோ அண்ணை," என்று மிரெல்லம்மா அவருக்கு நேரே வந்து, முகத்துக்கு முகம் பார்த்தபடி நின்றாள். வெடித்த பூச்சுக்குள் அவளுடைய கண் அசையாமல் இருந்தது.

கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் கொடுத்த மனு ஒன்று இன்னும் யார் காதிலும் விழாமல் கிடந்தது. அதை அன்றைக்குச் சொன்னபடியே, ஒரு சொல் மாற்றாமல் சொன்னார்.

"பிள்ளை, என்ரை பேர் சவிரிமுத்து. பாசையூர். என்ரை மனிசி றெஜினா மேல்மாடியிலை படுத்திருக்கிறா. நெஞ்சுக்குள்ளை நோ. இத்தாலியன் கதைக்கத் தெரியாது. எங்கை நோகுது எண்டு டொக்டர் கேக்கேக்கை எல்லா இடத்தையும் தொட்டுக் காட்டுறா. எனக்கும் சொல்லத் தெரியேல்லை. லிப்டிலை ஏறப் பயப்பிடுறா. ராவிலை என்னை எழுப்பக் கூடாதெண்டு தலகாணியைக் கடிச்சுக்கொண்டு இருமுறா. எனக்கு நித்திரை இல்லையெண்டு அவவுக்குத் தெரியாது. எனக்கு வேறை ஒருத்தரும் இல்லை. அவவைச் சுகப்படுத்தித் தா."

மிரெல்லம்மா கடைசிச் சொல்வரைக்கும் கேட்டாள். வாக்குக் கொடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

"கேட்டிட்டன் அண்ணை," என்றாள்.

மழை அப்போது தொடங்கியது. கோப்பிக்கடையில் பெய்த மாதிரி அளந்து பெய்யாமல், மலை முழுவதையும் பிடித்துக்கொண்டு, மொன்தேசாலாப் பக்கம் கறுத்து, கத்தரித் தோட்டங்களிலும் பொலிஸ்காரனின் அப்பாவுடைய தோட்டத்திலும் ஒன்றாகப் பெய்தது. மதிலோரம் சட்டைகள் முதுகோடு ஒட்டின. குடைகள் எல்லாம் பஸ்ஸுக்குள் இருந்தன. யாரோ ஒரு கிழவி சந்தோஷத்தில் விம்மினாள், ஆனால் திரும்பவில்லை. ஜெர்மன்காரர் நடுங்கினார்கள், ஆனால் திரும்பவில்லை.

"ஐயா," என்று ஊர்த்தலைவரின் குரல் கல்லுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "மழை வந்திட்டுது. திரும்பலாமோ?"

"இன்னும் முடியேல்லை," என்றார் சவிரிமுத்தர்.

முடிந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றி, மழைக்குள் காலை நீட்டி, மிரெல்லம்மாவுக்கும் தொட்டி விளிம்பில் கொஞ்சம் இடம் விட்டு இருந்துகொண்டு, அந்த முதுகுகளை ஒரு பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக, ஆறுதலாகப் பார்க்கத் தொடங்கினார்.